கீடோவ அம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு

டேய் ரவி,

போன்ல பேசுனா அஞ்சு நிமிஷத்துல "சரிடா அப்புறம் கூப்புடுறேன்"னு ரெண்டு பேருமே வச்சிடுறோம், அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் வரும், ஞாயித்துக்கிழமை சாப்டுட்டு படுத்துக்கிட்டே படி. மொதல்ல வீட்டு நெலவரம். அம்மா பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சுதுல்ல, ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆச்சு, வாக்கர் புடிச்சு ஹால் வரைக்கும் வந்துடுறாங்க, ஆனா ராத்திரி தூக்கம் சுத்தமா கெடையாது. பகல்ல உன் தங்கச்சி பாத்துக்குறா, பத்து மணிக்கு மேல டூட்டி எனக்கு. ரெண்டு மணிக்கு ஒரு தடவ ஹார்லிக்ஸ், மூணு மணிக்கு ஒரு தடவ "மணி என்னடா", நடுவுல நான் முழிச்சிட்டு இருக்கணும்.

அந்த டூட்டிலதான் நீ வருஷக்கணக்கா பாரு பாருன்னு உயிர எடுத்த 'தி மேன் இன் தி ஹை கேஸில்' பாத்து முடிச்சேன், அதான் ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயிச்சு அமெரிக்காவ கெழக்கு நாஜிக்கு, மேற்கு ஜப்பானுக்குன்னு பிரிச்சுக்கிட்டா எப்டி இருக்கும்ங்கற கற்பனை சீரியல். நாலு சீசன், 40 எபிசோடு. 2015ல வந்தத இப்பதான் பாக்குறியான்னு சிரிக்காத, நீ பாத்தப்ப எனக்கு ராத்திரில தூக்கம் இருந்துச்சு.

மொத எபிசோடுலயே எனக்கு அடி விழுந்துடுச்சு. அந்த சாம்பல் சீன் ஞாபகம் இருக்கா? ஜோ லாரி டயர் பஞ்சராகி ரோட்டோரம் நிக்கிறான், போலீஸ்காரன் நல்லவனாத்தான் பேசுறான், ஒதவிகூட பண்றான், மேலேருந்து பனி மாதிரி என்னமோ விழுதேன்னு கேட்டா, அது ஆஸ்பத்திரிலேருந்துப்பா, செவ்வாக்கெழமன்னா ஊனமானவங்க, பொழைக்க மாட்டாங்கன்னு விட்டவங்கள எரிப்பாங்கன்னு வானிலை அறிக்கை மாதிரி சொல்லிட்டு போறான். நான் அப்ப பக்கத்து கட்டில்ல நடக்க முடியாத அம்மாவ வச்சிக்கிட்டு பாக்குறேன்டா. டப்புன்னு ஆஃப் பண்ணிட்டேன், ரெண்டு நாள் தொடல. அது கதைக்காக கட்டுனதும் இல்ல. ஜெர்மனில ஹாடமார்னு ஒரு ஊர்ல மனநோய் ஆஸ்பத்திரி பொகைபோக்கில வந்த பொகைய ஊரே பாத்துச்சு, கொழந்தைங்களுக்குக்கூட அது என்னன்னு தெரிஞ்சிருந்துச்சு. 1941 ஆகஸ்ட்ல கேலன்னு ஒரு பிஷப் சர்ச்லயே நின்னு இதப்பத்தி வெளிப்படையா பேசுனாரு, அதே மாசம் ஹிட்லர் அந்தத் திட்டத்த நிறுத்தச் சொன்னான், அதுக்குள்ள 70,000 பேருக்கு மேல போயாச்சு, நிறுத்துனதும் பேருக்குத்தான், அப்புறமும் ஊசி போட்டும் பட்டினி போட்டும் சத்தமில்லாம நடந்துச்சு.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வரேன். "ஜான் ஸ்மித் பத்தி என்னடா நெனக்கிற"ன்னு மெசேஜ் போட்டுட்டு, கீழ "உண்மைய சொல்லு"ன்னு வேற போட்டிருந்த. அமெரிக்காக்காரனா இருந்துட்டு நாஜி சீருடை போட்ட பெரிய அதிகாரி அவன். உண்மைய சொல்றேன், எனக்கு அவன புடிச்சுதான் போச்சு, இந்த சீரியல பாத்தவங்க நெறையப் பேரு அதத்தான் சொல்றாங்க, சொல்லிட்டு ஒடனே "ஆனா அவன் நாஜி"ன்னு அவசரமா சேத்துக்குறாங்க. ஆபீஸ்ல எங்கூட இருக்க பையன் ஒருத்தன் "சார் ஜூலியானா வந்தா ஓட்டிருவேன், ஸ்மித் வந்தா மட்டும் பாப்பேன்"னான். ரூஃபஸ் சீவெல் நடிப்பு ஒரு காரணம், ஒத்துக்குறேன். ஆனா எழுதுன விதத்துல ஒரு தந்திரம் இருக்குடா. நாட்டுக்காக சண்ட போடுற ஜூலியானா, ஃபிராங்க் இவங்கள்லாம் எப்பவும் இருட்டு ரூம்ல, அழுக்கு சட்டைல, பதட்டமா ஓடிட்டே இருக்காங்க. இந்த ஆளு வீட்ல மட்டும்தான் காலைல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுறாங்க, அப்பா பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்டியா உக்காந்திருக்கவனுக்கு எந்த வீட்டுக்குள்ள போய் உக்காரணும்னு தோணும் சொல்லு.

அப்புறம் ஸ்மித் பையன் தாமஸுக்கு நோய்னு தெரியுது. தசை கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போற நோய், பரம்பரையா வர்றது, இவங்க சட்டப்படி பையன முடிச்சிடணும். ஸ்மித் டாக்டரக் கொல்றான், நான் சோபால உக்காந்து "கொல்லுடா"ங்குறேன். கடைசில பையனே தானா போய் ஒப்படைச்சுக்குறான் பாரு, அப்பன் சொல்லிக் குடுத்தத அப்படியே நம்புன ஒரே ஆளு அவன்தான். அங்க எனக்குத் தொண்ட அடச்சுது, ஆனா தன் பிள்ளைக்குன்னு வந்ததும் சட்டத்த ஒடைக்கிறவன் அடுத்தவன் பிள்ளை விஷயத்துல ஒரு நாள்கூட ஒடைக்கலையேன்னு எனக்கு உறைக்கவே ஒரு நாள் ஆச்சுடா, மறுநாள் பஸ்ல போறப்பதான் உறைச்சுது. நாலாவது சீசன்ல அந்தப் பழைய கதை வருதே, தோத்துப்போன நாட்டுல பசில கெடக்குற கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு அவன் கைப்பட்டை மாட்டிக்குறது, கூட சண்டை போட்ட யூத சிநேகிதன் லாரில போறதப் பாத்துட்டும் சும்மா நிக்கிறது, அதக் கடைசில கொண்டுவந்து வச்சது சரின்னுதான் எனக்குத் தோணுது. மொதல்லயே காமிச்சிருந்தா நாம இவ்ளோ தூரம் அவன்கூடப் போயிருக்க மாட்டோம்.

உன் தங்கச்சி கட்சி வேற. அவ ஸ்மித் பொண்டாட்டி ஹெலன் பக்கம். "அந்தம்மா மூணு வருஷமா கேக்க வேண்டிய கேள்விய கடைசி எபிசோடுல கேக்குறா, கேட்ட ஒடனே சாவடிச்சிட்டீங்க"ன்னு எங்கிட்ட சண்டை, நான் என்னமோ எழுதுன மாதிரி. பொண்ணு ரெண்டு எபிசோடு பாத்துட்டு "அமெரிக்கால கறுப்பு மக்கள் எங்கப்பா போனாங்க"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. நாலாவது சீசன்லதான் கறுப்பினப் புரட்சிக்காரங்கள உள்ள கொண்டுவராங்க, அவங்க ஜப்பான்காரன வெஸ்ட் கோஸ்டவிட்டே கெளப்புறாங்க, மூணு சீசனா யாருமே ஆட்ட முடியாதத பத்து எபிசோடுல முடிச்சிட்டாங்க, அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா என்ன?

நியூயார்க் ரயில் கலாட்டா நீ சொல்லித்தான் தெரியும். 2015 நவம்பர்ல டைம்ஸ் ஸ்கொயருக்கும் கிராண்ட் சென்ட்ரலுக்கும் போய்ட்டு வர்ற ஷட்டில் ரயில்ல சீட்டு பூரா நாஜி கழுகும் ஜப்பான் சூரியனும் போட்டு இந்த சீரியலுக்கு விளம்பரம் ஒட்டிட்டாங்க, ஜனங்க கொதிச்சுப் போயி, கவர்னர் வரைக்கும் போயி, எடுத்துட்டாங்க. நீ அன்னிக்கு "இதுக்குப்போயா, சீரியலே நாஜிய திட்டித்தானே எடுத்திருக்கான்"னு சொன்ன. நானும் ஆமான்னேன். இப்ப அப்டித் தோணல. டிவில பாக்குறவன் வேணும்னு போட்டுப் பாக்குறான். வேலைக்குப் போறவன் காலைல அந்தச் சின்னத்து மேல உக்காரணும்னா அது வேற.

இப்ப முக்கியமான விஷயம். ஸ்மித்துக்கு நான் விழுந்த மாதிரி எங்கம்மா கீடோவுக்கு விழுந்துட்டாங்க.

ஆமாடா, சான் பிரான்சிஸ்கோல கெம்பெய்தாய், அதான் ஜப்பான் ராணுவப் போலீஸ், அதுல இன்ஸ்பெக்டர், அந்த மூக்குக்கண்ணாடி, அந்தத் தொப்பி. ரெண்டாவது சீசன்லேருந்து அம்மாவும் பாக்க ஆரம்பிச்சாங்க, தலைகாணிய நிமித்தி வச்சு சப்டைட்டில நான் தமிழ்ல சொல்லிட்டே வரணும். கீடோ வந்தாலே "இவன் சாப்டானா பாரு, மூஞ்சியே சரியில்ல"ம்பாங்க. ஜோயல் டி லா ஃபுவென்டேன்னு அந்த நடிகர், எங்கம்மா வாய்ல அவரு "கீட்டு". நான் பதறிட்டேன், ஏன்னா உனக்குத் தெரியுமோ என்னமோ, அம்மா பொறந்தது மலாயால. சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டம். சண்டை முடிஞ்சு ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினம் வந்து எறங்குனப்ப அவங்களுக்கு எட்டு வயசு. கெம்பெய்தாய்ங்கற வார்த்தைய நான் சப்டைட்டில்ல படிச்சேன், அவங்க கேட்டு வளந்தவங்க.

ஒரு ராத்திரி, தெருவுல வெள்ளக்காரன் ஒருத்தன் ஜப்பான் சிப்பாயக் கடந்து போறான், சும்மா ரெண்டு செகண்டு ஷாட்டு. அம்மா "குனியல பாரு, அறை விழும்"னாங்க. நான் நிறுத்திட்டுக் கேட்டேன். அவங்க அப்பா, அதான் எங்க தாத்தா, சைக்கிள்ல முன்னாடி பார்ல இவங்கள ஒக்கார வச்சு டவுனுக்குப் போயிருக்காரு, காவல் நிக்கிற சிப்பாயப் பாத்ததும் எறங்கி தலை குனியணும், மறந்துட்டாரு. அறைஞ்சிட்டு, அந்த சைக்கிள ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிட்டு வெயில்ல நிக்க வச்சிருக்கான். இவங்க பக்கத்துல நெழல்ல. எவ்வளோ நேரம்மான்னு கேட்டா "எனக்கென்ன மணி பாக்கவா தெரியும், தாத்தா கை நடுங்கி சைக்கிள் பெல்லு தானா அடிச்சிட்டே இருந்துச்சு"ன்னாங்க. அம்பத்தேழு வருஷத்துல இத எங்கிட்ட சொன்னதே இல்லடா. சொல்லிட்டு "சரி போடு, கீட்டு என்ன பண்றான்"ங்குறாங்க.

இந்த சீரியலுக்கு மூலமா இருக்கறது பிலிப் கே. டிக் 1962ல எழுதுன நாவல், அதுல வரலாறு எங்க தடம் மாறுதுன்னா அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சுட்டுக் கொல்லப்படுற எடத்துல. நெஜத்துல 1933 பிப்ரவரி 15, மயாமில ஜங்காராங்கறவன் அவரச் சுட்டான், குறி தப்பி கூட இருந்த சிகாகோ மேயருக்குப் பட்டு அவரு செத்தாரு. சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்ததும் ஒரு பிப்ரவரி 15தான், 1942ல. தேதி ஒத்துப்போனதுல அர்த்தம் ஒண்ணும் இல்லன்னு தெரியும், ஆனா அத எழுதுன எடத்துலயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அமெரிக்காக்காரன் "ஜப்பான்காரன் ஜெயிச்சிருந்தா"ன்னு கற்பனை பண்றான், எங்கம்மாவுக்கு அது மூணரை வருஷம் நடந்த கதை. "ஜப்பான்காரன் அவ்ளோ தூரம் வந்து அமெரிக்காவப் புடிக்க முடியுமா, நம்புற மாதிரியா இருக்கு"ன்னு நீகூட அடிச்சுப் பேசுவியே, எங்கம்மாட்ட கேட்டா "பினாங்குக்கும் வரமாட்டான்னுதான் தொரை சொன்னான்"ம்பாங்க.

தாத்தாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன சயாம்லேருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரனுங்க கூட்டிட்டுப் போனாங்க, மூணு மாச வேல, கூலி உண்டுன்னு சொல்லித்தான். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல பாதை போட்டு முடிச்சுட்டாங்க, அவரு திரும்பல. அதுல செத்த வெள்ளக்காரக் கைதிங்க 12,000 பேருக்கு மேல, அவங்கள்ல கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் காஞ்சனபுரில வரிசையா கல்லறை, பேரு போட்டு, புல்லு வெட்டி இருக்கு. அத விடப் பல மடங்கு செத்த நம்மாளுங்க, மத்த ஆசியக் கூலிங்க பெரும்பாலும் எங்க கெடக்குறாங்கன்னே தெரியாது. தம்பி அதே 43ல நேதாஜி படைல சேந்தாரு, அவரு திரும்பி வந்து சாகுற வரைக்கும் நேதாஜி படத்துக்குப் பூ போட்டாரு. ஒரே லயத்துல, ஒரே வருஷத்துல, ஒருத்தர ஜப்பான்காரன் கொன்னான், இன்னொருத்தர் ஜப்பான்காரன் தோளோட தோள் நின்னாரு. நீ போன மாசம் கேட்டியே, "அச்சு நாடுங்க, அதான் ஜெர்மனியும் ஜப்பானும், ஜெயிச்சிருந்தா நமக்கு நல்லதா கெட்டதா"ன்னு, ஜாலியாத்தான் கேட்ட. எங்க வீட்ல அந்தக் கேள்விக்கு பாட்டி வாயவே தொறந்ததில்லையாம். மச்சினனுங்க ரெண்டு பேருல யாரு பக்கம் பேசுறது?

மூணாவது சீசன் கடைசில கீடோ ஃபிராங்க வாளால வெட்டுறான்ல, அம்மா அப்ப கண்ண மூடிட்டிருந்தாங்க, தூங்குறாங்கன்னு நெனச்சு நான் சத்தத்தக் கொறச்சுட்டுப் பாத்தேன். மறுநாள் "ஃபிராங்கு எங்கடா காணும்"னாங்க, ஊருக்குப் போயிட்டான்னு சொல்லி வச்சேன். "பொய் சொல்லாத, நான் பாத்தேன்"னாங்க. அப்பறமும் கீட்டு மேல கோவம் வந்த மாதிரி தெரியல. நான் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன், ஏம்மா உங்க பெரியப்பாவ கொண்டுபோனவனுங்க இவனுங்கதானேன்னு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அவனுங்க மூஞ்சிய நாங்க எங்கடா பாத்தோம், தலைய குனிஞ்சுட்டே இருந்தோம், இப்பதான் ஒருத்தன் மூஞ்சிய முழுசா பாக்குறேன்"னாங்க. இதுக்கு மேல நான் என்னத்த கேக்குறது.

கடைசி எபிசோட்ட எல்லாரும் திட்டுறாங்க, நானும் திட்டுறேன். ஸ்மித் தன்னையே சுட்டுக்குறது சரி. ஆனா வேற ஒலகத்துக்குப் போற போர்ட்டல் மெஷின் இருக்கே, அந்தச் சுரங்கத்துல வெளிச்சம் வருது, யாரு எவருன்னே தெரியாம நூத்துக்கணக்குல ஜனங்க தி.நகர்ல கடை தொறந்த மாதிரி நடந்து வர்றாங்க, ஜூலியானா பாக்குறா, முடிஞ்சுது. நாலு வருஷம் காத்திருந்து பாத்தவங்களுக்கு வயிறு எரிஞ்சதுல தப்பே இல்ல, நான் ஏழு வாரத்துல பாத்ததுக்கே ரிமோட்ட தூக்கிப் போட்டேன். ஜப்பான் வர்த்தக மந்திரி டாகோமிய அந்த சீசன் தொடக்கத்துலயே சுட்டுத் தள்ளுனதுக்கும் சேத்துத்தான். அந்த ஆளு பார்க் பெஞ்சுல கண்ண மூடி உக்காந்து, தொறந்தா நம்ம ஒலகத்துல, கியூபா ஏவுகணை பயத்துல இருக்க 1962ல முழிக்கிறாரு பாரு, அந்த ஒரு சீன் மொத்த போர்ட்டல் மெஷினுக்கும் சமானம். அவருக்கு மெஷினே தேவப்படல.

அடுத்து பிபிசி எடுத்த 'எஸ்எஸ்-ஜிபி' பாக்கலாம்னு இருக்கேன், லண்டன நாஜி புடிச்ச கதை, அஞ்சே எபிசோடுதான். 2017ல வந்தப்ப ஹீரோ முணுமுணுன்னு பேசுறது ஒண்ணுமே கேக்கலன்னு இங்கிலீஷ்காரனே பிபிசிக்குப் புகார் பண்ணானாம், அப்ப நான் அம்மாவுக்கு எப்டி மொழிபெயர்க்கப் போறேனோ. ஆனா அம்மா இப்பவே கேட்டுட்டாங்க, "அதுல ஜப்பான்காரன் வருவானா?" வரமாட்டாம்மான்னேன். அப்ப வேணாமாம், கீட்டு படத்தையே மொதல்லேருந்து போடணுமாம், ஃபர்ஸ்ட் சீசன் அவங்க பாக்கல.

நேத்து ராத்திரி ஆரம்பிச்சாச்சு. சாம்பல் சீன் வர்றதுக்கு முன்னாடி ஹார்லிக்ஸ் கலக்கப் போற மாதிரி நிறுத்திட்டு, ஓட்டிட்டேன்.

அடுத்த மாசம் திருச்சி வர்றப்ப நேரா வீட்டுக்கு வா, லாட்ஜெல்லாம் போடாத. வரும்போது அந்தப் பழைய வாக்கிங் ஸ்டிக் உங்கப்பாது இருக்குன்னியே, நாலு கால் வச்சது, எடுத்துட்டு வா, பிசியோ பொண்ணு வாக்கர விட்டுட்டு ஸ்டிக்குக்கு மாறச் சொல்லுது.

குமார்