மண்டபம் பிடிக்க முதல் மகளிடம் கேளுங்கள்

ரொறன்ரோவிலும் அயலிலும் சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு விழா) செய்ய ஆயத்தமாகும் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும்,

வணக்கம். நானும் மண்டப வாசலில் ஆலாத்தித் தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்ற ஒரு அம்மாதான். ஸ்காபரோவில் என் மகளுக்குச் சாமத்தியவீடு செய்தோம். அவள் பெரியபிள்ளையானது பெப்ரவரியில், பன்னிரண்டு வயதில். விழா நடந்தது அடுத்த வருஷம் ஜூலையில். லண்டனில் இருக்கும் என் அண்ணாவுக்கு லீவு கிடைக்க வேண்டும், நல்ல மண்டபம் கிடைக்க வேண்டும். அந்தப் பதினேழு மாதத்திலும் நாங்கள் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: சீலை என்ன நிறத்தில் வேணும்?

இப்போது அவளுக்கு 26 வயது. போன மாரியில் ஒருநாள் குசினியில் நின்று சொன்னாள்: "அம்மா, பீரியட்ஸ் வந்ததை நான் என்ர சிநேகிதிகளுக்கே சொல்லேல்ல. நீங்கள் நானூறு பேருக்குக் காட் அடிச்சுக் குடுத்தீங்கள்." வீடியோ எடுத்தவர்கள் தங்கள் விளம்பரத்துக்காக அதில் ஒரு துண்டை யூடியூப்பில் போட்டிருக்கிறார்கள். வகுப்புப் பெடியள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் அவள் மத்தியானச் சாப்பாட்டை நூலகத்தில் இருந்து தனியாகச் சாப்பிட்டாளாம். நான் அந்த நாட்களில் அல்பத்துக்குப் படம் தெரிவு செய்துகொண்டிருந்தேன்.

நாங்கள் ஏன் செய்கிறோம் என்று எனக்குத் தெரியும். நான் பெரியபிள்ளையானது 1986இல், யாழ்ப்பாணத்தில், ஆமி இருந்த கோட்டையிலிருந்து ஷெல் வந்துகொண்டிருந்த காலத்தில். அம்மம்மா கிணற்றடியில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணி வார்த்தா. மாமா தேங்காய் உடைத்தார். முப்பது பேர்கூட வரவில்லை. அதே வருஷம்தான் எங்கட ஆட்கள் 155 பேர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள். அப்படிச் சிதறிய சனம், ஒருநாளாவது ஒரு கூரையின்கீழ் ஒன்றாக நிற்க ஆசைப்படுவது பிழையே இல்லை. மற்றவர்களின் விழாக்களில் வருஷக்கணக்காகக் கொடுத்த என்வலப்புகள் திரும்பி வரவேண்டும் என்ற கணக்கையும் நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. இரண்டு வேலை செய்து கொடுத்த காசு அது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் வளரும் இடம் வேறு. ஒன்ராறியோவில் பருவமடைவதைப் பற்றி நாலாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் மருத்துவ ஒப்புதல் சட்டத்தில் வயதெல்லை என்று ஒன்றில்லை. விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளையானால் சிகிச்சைக்கு அந்தப் பிள்ளையின் சம்மதம்தான் வேண்டும். எங்கள் டொக்டர் ஒருமுறை என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகக் கதைத்தார். எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவளிடம் கேட்கவேண்டியதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். முற்பணம் கட்ட முதல் மகளோடு இருந்து கதையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டு, அழுது, அம்மம்மாவின் கடைசி ஆசை என்று சொல்லிச் சம்மதம் வாங்காதீர்கள், அது சம்மதமில்லை. ஓம் என்றால், யாரைக் கூப்பிடுவது என்பதை அவளே சொல்லட்டும். அவளுக்கு விருப்பமில்லாமல் ஒரு படமும் இணையத்தில் ஏறக்கூடாது என்று வீடியோக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இந்த வசந்தத்தில் என் தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையானாள். கேட்டோம். மண்டபம் வேண்டாம், உழுந்தங்களி வேணும் என்றாள். வீட்டுக் குளியலறையில் நானும் தங்கச்சியும் தண்ணி வார்த்தோம். தேங்காயை என் மகள் உடைத்தாள். அண்ணா லண்டனில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருந்து ஒரு அம்மா