அப்பாவுக்கு, ரெண்டு மேஸ்திரி வீட்டப் பத்தி

அப்பா, நல்லா இருக்கீங்களா? முட்டிக்கு தைலம் தேய்க்கிறீங்களா இல்ல அம்மா கத்துனாதான் தேய்ப்பீங்களா. இங்க ஸ்காட்லாந்துல மே மாசம் ஆயிருச்சு, இன்னும் ஸ்வெட்டர் இல்லாம வெளிய போக முடியல. ட்யூட்டியெல்லாம் எப்பவும்போலதான். போன்ல சொன்னா "ம், சரிம்மா"ன்னு வெச்சிருவீங்க, அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கெழம லீவு, பஸ் புடிச்சு சவுத் குயின்ஸ்ஃபெரி போயி அங்கேருந்து தண்ணியோரமாவே நடந்து ஹோப்டவுன் ஹவுஸ்னு ஒரு வீட்டுக்குப் போனேன். வீடுன்னா சும்மா இல்லப்பா, நம்ம பக்கத்து செட்டியார் வீடு நாலஞ்ச வரிசையா ஒட்டவெச்ச மாதிரி நீளம், முழுக்க மணல்கல்லு, நடுவுல வீடு, ரெண்டு பக்கமும் தூண் வரிசை வளைஞ்சு போயி ஆளுக்கொரு கட்டடத்துல முடியுது.

உங்களுக்குப் புடிக்கிற விஷயம் என்னன்னா இதுக்கு ரெண்டு மேஸ்திரி. மொதல்ல வில்லியம் புரூஸ், 1699ல ஆரம்பிச்சு 1701ல முடிச்சுட்டாரு. வீட்டுக்காரரு சார்லஸ் ஹோப்புக்கு அப்ப பதினெட்டு வயசுதான், அவங்க அப்பா 1682லயே கப்பல் மூழ்கி செத்துட்டாரு, அம்மாதான் பையனுக்காக நின்னு கட்ட வெச்சாங்க. காசெல்லாம் லெட்ஹில்ஸ்ங்கற எடத்துல ஈயச் சுரங்கத்துல வந்தது. பையன் பிரபு பட்டம் வாங்குனதும் வீடு பத்தலன்னு தோணிருச்சு போல, 1721ல வில்லியம் ஆடம்னு இன்னொருத்தர வெச்சு கெழக்குப் பக்கத்த மாத்த ஆரம்பிச்சாரு, அது இழுத்துக்கிட்டே போயி கட்டச் சொன்னவரு 1742ல போயிட்டாரு, கட்டுனவரு 1748ல போயிட்டாரு, கடைசியில ஆடமோட பசங்க ஜான், ராபர்ட்தான் வந்து முடிச்சாங்க. நீங்க எப்பவும் சொல்லுவீங்கல்ல, முகப்ப பெருசாக்குறேன்னு கெளம்புனவன் வீட்டுல குடியிருக்க மாட்டான்னு. அதேதான்!

எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறாங்க. நான் பின்னாடி தோட்டப் பக்கம் போனேன், அங்கதான் புரூஸ் கட்டுன பழைய வீடு அப்படியே இருக்கு. கல்லு வரிக்கு வரி நடுவுல கோடு இழுத்த மாதிரி பள்ளம், வேற அலங்காரம் கம்மி, ஆனா கண்ணு அங்கயே நிக்குது. உள்ள எட்டுப்பட்டையா ஒரு படிக்கட்டுக் கூடம், அலெக்ஸாண்டர் ஐசாட்டுங்கறவரு மரத்துல பூவும் பழமுமா செதுக்கியிருக்காரு, நம்மூரு பர்மா தேக்கு நெலைக்கதவு ஞாபகம் வந்துருச்சு. முன்பக்கம் ஆடம் பசங்க ரூமெல்லாம் செவப்புப் பட்டு ஒட்டுன செவரு, கூரையில தங்கப்பூச்சோட சுதை வேலை. சுத்தமா செஞ்சிருக்காங்க, கொற சொல்ல முடியாது. எனக்கென்னவோ கொஞ்சம் ஜவுளிக்கடை மாதிரி இருந்துச்சு.

இத தாத்தா இருந்தா கேட்டுட்டு எந்திரிச்சு போயிருப்பாரு: வைஸ்ராய் லின்லித்கோ பொறந்தது இந்த வீட்டுலதான், 1887ல. 1939ல நம்மாளு ஒருத்தரையும் கேக்காம இந்தியாவும் யுத்தத்துல இருக்குன்னு அறிவிச்சாரே அவருதான், அந்தக் கோவத்துல காங்கிரஸ் மந்திரிசபையெல்லாம் ராஜினாமா பண்ணி நம்ம ராஜாஜியும் எறங்குனாரு. வங்காளப் பஞ்சம் வந்தப்பவும் இவருதான் வைஸ்ராய். அதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அந்தக் கூரைய அண்ணாந்து பாக்க ஒரு மாதிரி இருந்துச்சுப்பா.

1974ல இருந்து டிரஸ்ட் பாத்துக்குது, குடும்பம் இன்னும் ஒரு பக்கத்துல குடியிருக்கு, பங்காளிச் சண்டையில பூட்டிக் கெடந்து ஓடு சரியிற கதையெல்லாம் இங்க இல்ல. மாடிக்கு மேல ஏறுனா ஃபோர்த்துங்கற கழிமுகத்து மேல மூணு பாலமும் தெரியுது, 1890ல கட்டுன ரயில் பாலந்தான் அழகு.

தம்பி போனுக்கு போட்டோ அனுப்பியிருக்கேன். மூணாவத மட்டும் பெருசாக்கிப் பாருங்க, படிக்கட்டு மூலையில ரெண்டு செதுக்குப் பலகை சேருற எடம், ஆணியும் தெரியல இடுக்கும் தெரியல. எப்படி சேத்திருப்பாங்கன்னு பாத்துட்டு சொல்லுங்க.

உங்க மக