பகிடி என்றாலும் வலிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பணியிடங்களில் இனத்தைச் சொல்லிக் கேலி செய்வது பற்றிய உங்கள் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்தேன். 'கூட வேலை செய்பவர்களுக்குள் பகிடி சரிதானே' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தோட்டத் தமிழரின் பிள்ளைகள் நாங்கள். அவர்களில் நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்டத்து மக்களை இழிவாக அழைக்கும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லில் அந்த அவமானம் முழுவதும் இருக்கிறது. அதை நான் அதிகம் கேட்டதும் தமிழ் பேசுவோரிடமிருந்துதான்.

என் அலுவலகத்தில் தோட்டத்திலிருந்து வந்த தங்கை போன்ற ஒருத்தி முதலில் இந்தப் பகிடிக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் தேநீர் வேளைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். யாரிடம் போய் முறையிடுவாள்? இத்தகைய முறைப்பாடுகளை ஏற்க ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவரை நியமித்து, அவர் பெயரை அறிவித்தல் பலகையில் போட வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்.