அட்டைப்படத்தைச் சின்னதாக்கிப் பாருங்கள், தம்பிமாரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்துப் பெடியன்மார் சிலர் சேர்ந்து செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமைப் பற்றி உங்கள் வார இணைப்பில் அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் கட்டுரையோடு பெரிதாகப் போட்டிருந்த அந்த அட்டைப்படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் கல்முனையில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்ப்பவள், இரவு நேரத்தில் வெளிநாட்டுச் சின்னக் குழுக்களின் கேம்களுக்கு அட்டைப்படம் வரைந்து கொடுப்பதும் உண்டு, அதனால் கொஞ்சம் உரிமையோடுதான் கதைக்கிறேன்.

அந்தப் படத்தில் இல்லாதது எது? மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் இருக்கிறது, அதற்குக் கீழே பாடும் மீன், ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் யானை, நடுவில் தீப்பந்தத்தோடு ஒரு இளைஞன், மேலே முழுநிலா, போதாததற்கு மெல்லிய தங்க எழுத்தில் நாலு சொல்லில் தலைப்பு. பத்திரிகையின் அரைப்பக்கத்தில் வடிவாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கேம் விற்கப்போவது பத்திரிகையில் இல்லையே.

கணினிக் கேம்களை இணையத்தில் விற்கிற ஸ்டீம் கடையில் ஒரு கேமுக்குப் படத்தைப் பல அளவுகளில் கேட்பார்கள். முன்பக்கத்தில் வரும் பெரிய படம் 1232க்கு 706 பிக்சல், தலைப்புப் படம் 920க்கு 430, பட்டியல்களில் வருகிற சின்னது 462க்கு 174. அந்தச் சின்னதையும் ஸ்டீமே இன்னும் சுருக்கி 184க்கு 69, 120க்கு 45 என்று ஆக்கிக்கொள்ளும். தேடும்போதும், புதிதாக வந்தவை, அதிகம் விற்பவை என்கிற வரிசைகளிலும் ஆட்களின் கண்ணில் படுவது இந்தச் சின்னதுகள்தான். 120 பிக்சல் அகலத்தில் பாலம் ஒரு கோடு, பாடும் மீன் ஒரு கறை, யானை கரும்பாறை. எட்டெழுத்துத் தலைப்பை அந்த அகலம் முழுக்க விரித்துப் போட்டாலும் ஓரெழுத்துக்குப் பதினைந்து பிக்சல்தான் வரும், அதற்குள் ணகரத்தின் சுழிகளும் மேலே ஒரு புள்ளியும் இருந்தால் என்ன மிஞ்சும்? தங்க நிறப் புழு மாதிரி ஏதோ நெளியும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பெரிதாக வரைந்துவிட்டுப் பிறகு சுருக்காதீர்கள், சின்ன அளவிலேயே தொடங்குங்கள். படத்தைச் சுருக்கி ஸ்டீமின் தேடல் பக்கத்து ஸ்க்ரீன்ஷொட் ஒன்றின் நடுவில், மற்றக் கேம்களின் படங்களுக்கிடையில் ஒட்டிப் பாருங்கள். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகவும் பாருங்கள். அப்படியும் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கிறதென்றால் சரி. நிற்கவில்லை என்றால் மேலே எத்தனை மினுக்கம் தூவினாலும் பயனில்லை. இன்னொன்று, ஸ்டீமின் பக்கம் ஏற்கெனவே கருநீலம். இரவுக் காட்சி என்று படத்தையும் ஓரம்வரை கருநீலமாக்கினால் எங்கே படம் முடிகிறது, எங்கே கடை தொடங்குகிறது என்றே தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிக்கும் பழக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பகலில் அதைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறேன். திருச்சடங்கு நோட்டீஸ் என்றால் அம்மன், கோயில், உபயகாரர் பெயர், நிர்வாகசபைத் தலைகள் எல்லாம் வரவேண்டும், ஒரு தலை விடுபட்டால் அடுத்த நாள் கடைவாசலில் சண்டை. அரசியல் பனரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசிப்பார்கள், அதற்கு அது சரி. ஸ்டீமில் உங்களைத் தெரியாத ஒருவன் விரலால் உருட்டிக்கொண்டு போகிறான், அவனுக்கு நிர்வாகசபை வேண்டாம்.

அந்தக் கேமின் மாதிரிப் பதிப்பை என் மச்சானின் கணினியில் விளையாடியும் பார்த்தேன். வட்டைக்குள் பரண் கட்டி இராக்காவல் இருக்கிறான் ஒருவன், காட்டோரத்தால் யானை இறங்குகிறது, கையில் இருப்பது ஒரு டோர்ச்சும் கொஞ்சம் யானை வெடியும், விடியும்வரை வேளாண்மையைக் காப்பாற்ற வேண்டும். அம்பாறைப் பக்கத்தில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நல்ல கேம், உண்மையாகவே பயமாக இருந்தது, வெடியைக் கணக்குப் பார்த்துக் கொளுத்த வேண்டியிருப்பது அருமை. ஆனால் இதில் பாலம் எங்கே வருகிறது? கோட்டை எங்கே? ஒரு இடத்திலும் இல்லை! ஊரைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் ஊரிலுள்ள பார்க்கிற இடங்களையெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். பரணும் வரம்பும் ஊர் இல்லையா? மற்றக் கேம்களோடு வைத்துப் பார்த்தால் உங்களிடம் மட்டும் இருப்பது அதுதானே.

நான் வரைந்தால் பரணுக்கு மேலேயிருந்து பார்ப்பதுபோல வரைவேன். படத்தின் மூன்றில் இரண்டு பங்கை யானையின் நெற்றியும் காதுகளும் அடைத்துக்கொள்ளும், டோர்ச் வெளிச்சம் பட்டு ஒரு கண் மட்டும் மின்னும், கீழ் மூலையில் அந்த வெளிச்சத்தைப் பிடித்திருக்கிற கை. மஞ்சள் வெளிச்சம் ஒரே இடத்தில், மற்றதெல்லாம் சாம்பலும் கருமையும். தலைப்பு தடித்த வெள்ளை எழுத்தில், ஒன்றோ இரண்டோ சொல். இதைப் பார்க்கிறவனுக்கு இருட்டு, பெரிய மிருகம், தனியாள் என்ற மூன்றும் உடனே விளங்கும், பயமுறுத்தும் கேம் தேடுகிறவன் அமத்திப் பார்ப்பான், கமம் செய்து ஆறுதலாக விளையாட நினைத்தவன் விலகிப் போவான், அவன் விலகுவதும் நல்லதுக்குத்தான். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் காசைத் திருப்பிக் கேட்கலாம், அட்டையை நம்பி ஏமாந்தவன் கேட்கத்தான் செய்வான்.

இதற்கு ஹாலோ நைட் என்ற கேமின் படத்தைப் பாருங்கள். 2017இல் வந்தது, அவுஸ்திரேலியாவில் ஒரு மிகச் சின்னக் குழு செய்தது. கரிய பின்னணியில் இரண்டு கொம்பு வைத்த வெள்ளை முகம், அதுதான் முதலில் கண்ணில் படும். எந்த அளவில் வைத்தாலும் தெரிகிறது. வடமோடிக் கூத்தை வைத்துக் கேம் செய்யப்போவதாக யாரோ சொன்னதாகவும் உங்கள் கட்டுரையில் இருந்தது. அவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம், அகன்ற உடுப்பும் கிரீடமும் நிழலாக நின்றாலே போதும்.

அப்புறம், படத்தின் மூலையில் பெரிதாக ‘கிழக்கின் முதலாவது’ என்று ஒரு முத்திரை குத்தியிருந்தீர்கள் தம்பிமாரே, அதை எடுத்துவிடுங்கள். 2022 செப்டெம்பர் 1 முதல் ஸ்டீமில் அந்தப் படங்களில் கேமின் ஓவியம், பெயர், உத்தியோகபூர்வ உபதலைப்பு இவை தவிர வேறெதையும் எழுத விடுவதில்லை. விருது, விமர்சனப் புள்ளி, விலைக்கழிவு ஒன்றும் கூடாது. மீறினால் கடையில் காட்டுவதைக் குறைப்பார்கள், விற்பனை விழாக்களிலும் சேர்க்கமாட்டார்கள். சின்னக் குழுக்கள் தங்கள் கேம்களைப் போடுகிற இட்ச் (itch.io) தளத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை, 630க்கு 500 அளவில் ஒரு படம் போட்டால் சரி, அசைகிற படமும் போடலாம். அங்கே முதலில் போட்டு ஆட்கள் எதை அமத்துகிறார்கள் என்று பார்ப்பது புத்தி. ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டொலர் கட்டவேண்டும், 1000 டொலர் வருமானம் வந்த பிறகுதான் அது திரும்பி வரும்.

நிமிர்ந்த படத்தையும் மறக்கவேண்டாம். ஸ்டீமில் 748க்கு 896, 600க்கு 900 என்று கேட்பார்கள், அதற்குக் கிடைப் படத்தை இரண்டு பக்கமும் வெட்டினால் யானையின் தும்பிக்கைதான் மிஞ்சும். யானை, கை, பின்னணி, தலைப்பு எல்லாவற்றையும் தனித்தனி லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றான தனி அடுக்குகளில், வைத்திருந்தால் ஒவ்வொரு அளவுக்கும் இடம் மாற்றி அடுக்கலாம்.

ஏஐயிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தந்துவிடுமே என்பீர்கள். தரும். 2024 ஜனவரியிலிருந்து அதை ஸ்டீமில் அறிவிக்க வேண்டும், கடைப்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி அது வரும், அதைப் பார்த்தே வாங்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட, கேமுக்குள் இருப்பது கட்டம் கட்டமான பிக்சல் யானை, அட்டையில் இருப்பது மினுங்குகிற சினிமா யானை என்றால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துத் தொழில்நுட்பப் பிள்ளைகள் கேம் செய்ய ஆசைப்படுகிறார்கள், இடையில் ஒரு பஸ் பயணம்தான். ஆனால் போய்க் கேட்கும்போது ‘ஒரு படம்தானே அக்கா, நட்புக்குப் போட்டுத் தாங்களேன்’ என்று கேட்காதீர்கள். நாலு வருடம் கோடிங் செய்தவருக்கு இருக்கிற பெறுமதி, அந்தக் கேமை ஆட்கள் அமத்துவதற்குக் காரணமான ஆளுக்கும் இருக்கிறது. எத்தனை அளவு, எத்தனை தடவை திருத்தம், பிறகு அதே படத்தை ரீசேட்டில் அடித்து விற்றால் பங்கு உண்டா என்பதையெல்லாம் வேலை தொடங்குமுன் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் காசை முற்பணமாகக் கொடுங்கள், கேம் முடியும் இடத்தில் பெயர்கள் ஓடும்போது வரைந்தவரின் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கல்முனை.