1925-ஆம் ஆண்டுப் பட்டம்: என்.எஃப்.எல். உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளின் 32 உரிமையாளர்களுக்கும் ஆணையர் அலுவலகத்துக்கும்,

வணக்கம்.

உங்கள் பதிவேட்டில் 1925-க்கு நேரே சாம்பியன் என்று சிகாகோ கார்டினல்ஸ் பெயர் இருக்கிறது: 11 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. அடுத்த வரியில் பாட்ஸ்வில் மரூன்ஸ்: 10 வெற்றி, 2 தோல்வி. அந்தப் பதினொரு வெற்றிகளில் ஒன்று, எதிரணியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர் ஆடிய ஆட்டத்தில் கிடைத்தது. அந்த ஆட்டம் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அன்றைய லீக் தலைவர் ஜோ கார் அறிவித்தார். நூறாண்டு ஆகியும் நீக்கப்படவில்லை. அமெரிக்கக் கால்பந்தின் தொடக்க ஆண்டுகளை ஆட்டம் ஆட்டமாகப் படித்துவரும் தமிழ் ரசிகர்கள் நாங்கள். அந்த வரியைத் திருத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

அன்றைய லீக் எப்படி நடந்தது என்பது தெரியாமல் இந்த வழக்கு விளங்காது. 1925-இல் 20 அணிகள் இருந்தன. லீக் வகுத்துத் தரும் ஆட்ட அட்டவணை கிடையாது. யாரோடு, எங்கே, எப்போது ஆடுவது என்பதை அணி நிர்வாகிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் பிராங்க்ஃபர்ட் எல்லோ ஜாக்கெட்ஸ் அந்த ஆண்டு 20 ஆட்டம் ஆடியது, கார்டினல்ஸ் 14, மரூன்ஸ் 12. எண்ணிக்கை சமமில்லை என்பதால் வெற்றி விகிதத்தைப் பார்த்தார்கள். டிராவை அதில் சேர்ப்பதில்லை. இறுதி ஆட்டம் என்ற ஒன்றே இல்லை, அது 1933-இல்தான் வந்தது. பருவம் முடிந்தபின் உரிமையாளர்கள் கூடி வாக்களித்துப் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விகிதம் குறைந்துவிட்டால், கலைந்துபோன ஏதாவது பலவீனமான அணியைக் கூப்பிட்டு இன்னும் ஓர் ஆட்டம் வைத்து அதை ஏற்றிக்கொள்ளலாம். 1925-இல் நடந்தது அதுதான்.

பாட்ஸ்வில், பென்சில்வேனியாவின் அந்திரசைட் (கடினமான உயர்தர) நிலக்கரிப் பகுதியில் ஏறக்குறைய 22,000 பேர் வாழ்ந்த ஊர். அணியின் உரிமையாளர் ஜான் ஸ்ட்ரீகல் ஓர் அறுவைசிகிச்சை மருத்துவர். சொந்த ஆட்டங்கள் பக்கத்து ஊரான மைனர்ஸ்வில்லின் சிறிய மைதானத்தில் நடந்தன. லீக்கில் அதுதான் அவர்களுக்கு முதல் ஆண்டு. இவ்வளவு சிறிய ஊர் அணி ஏன் அத்தனை பலமாக இருந்தது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. மற்ற அணிகளின் வீரர்கள் பலர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ஆட்டத்துக்குச் சற்று முன்னர்தான் ஒன்றுசேர்வார்கள். பயிற்சியாளர் டிக் ரவுச் தன் ஆட்டக்காரர்களைப் பாட்ஸ்வில்லிலேயே தங்கவைத்து, சேர்ந்து பயிற்சி எடுக்கவைத்தார். (ரவுச் பறவையியல் அறிஞரும்கூட.)

அன்றைய விதிகளில் அந்தப் பயிற்சிக்கு இன்றைவிட அதிக மதிப்பு. ஓர் அணிக்கு 16 வீரர்கள்தான் அனுமதி. தாக்கும்போதும் தடுக்கும்போதும் அதே பதினொருவர். பந்தை முன்னோக்கி வீசுகிறவர், ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கும்போது பந்து இருக்கும் ஆட்டக் கோட்டிலிருந்து குறைந்தது 5 யார்டு பின்னால் நின்றுதான் வீச வேண்டும். பந்தும் இன்றைய பந்தைவிடப் பருமன், வீச வசதியில்லாதது. ஆகவே ஓட்டமே ஆட்டத்தின் உயிர். ஓடுகிறவனுக்கு முன்னால் வழி திறக்கும் தடுப்பாளர்கள் ஒரே கணத்தில் ஒரே திசையில் நகர்ந்தால்தான் நாலு யார்டு கிடைக்கும். ஒருவர் அரை அடி தாமதித்தாலும் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். சேர்ந்து பழகாத அணிக்கு அது கைவராது. மரூன்ஸுக்குக் கைவந்தது. சிறுவயதிலேயே சுரங்கத்தில் வேலை செய்து, நிலக்கரி வண்டிகளைத் தள்ளித் தள்ளிக் கால்களில் வலுவேறிய டோனி லடோன் அந்த வழிகளில் பாய்ந்தார். சார்லி பெர்ரி 74 புள்ளிகளோடு அந்த ஆண்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்.

மொத்தம் 12 ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது 270 புள்ளிகள், விட்டுக்கொடுத்தது 45. ஏழு ஆட்டங்களில் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பஃபலோவை 28-0, கான்டனை 28-0, கிரீன்பேயை 31-0 என்று வென்றார்கள். ப்ராவிடன்ஸ் ஸ்டீம் ரோலரிடம் 0-6 என்று தோற்றுவிட்டு அடுத்த சந்திப்பில் 34-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். பிராங்க்ஃபர்ட்டிடம் 0-20 என்று தோற்று, நவம்பர் 29 அன்று 49-0 என்று வென்றார்கள். இரண்டு தோல்விக்கும் அதே பருவத்தில் பதில் சொன்ன அணி அது.

டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோ கொமிஸ்கி பார்க்கில், உறையும் குளிரில், கார்டினல்ஸும் மரூன்ஸும் மோதின. அன்று காலை (வெற்றி-தோல்வி-டிரா என்ற வரிசையில்) கார்டினல்ஸ் 9-1-1, மரூன்ஸ் 9-2. வெளியூர் மைதானத்தில் மரூன்ஸ் 21-7 என்று வென்றது. மாலையில் கணக்கு மாறியது: மரூன்ஸ் 10-2, விகிதம் .833, கார்டினல்ஸ் 9-2-1, விகிதம்.818. பருவத்தின் கடைசி நாள் டிசம்பர் 20 என்று லீக் வைத்திருந்தது உண்மை. அந்த ஆட்டத்தோடு பட்டம் சட்டப்படி முடிவானதாக நாங்கள் வாதிடவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறோம்.

கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓ'பிரையன் அவசரமாக இரண்டு ஆட்டங்கள் ஏற்பாடு செய்தார். கல்லூரி ஆட்டத்தின் பெரும் நட்சத்திரமான ரெட் கிரேஞ்ச் சேர்ந்திருந்த சிகாகோ பேர்ஸோடு மறுபடி ஓர் ஆட்டம் வைத்தால் பெரிய வசூல் கிடைக்கும், அதற்குத் தன் அணியின் பெயர் உயர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. டிசம்பர் 10 அன்று மில்வாக்கி பேட்ஜர்ஸை 59-0, டிசம்பர் 12 அன்று ஹேமண்ட் ப்ரோஸை 13-0. இரண்டு வெற்றியும் சேர்ந்து 11-2-1, விகிதம் .846.

மில்வாக்கி அணிக்கு அன்று ஆள் போதவில்லை. கார்டினல்ஸ் வீரர் ஆர்ட் ஃபோல்ஸ், சிகாகோவின் எங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வரை அந்த அணிக்காக ஆடவைத்தார். செய்தி வெளிவந்ததும் ஜோ கார் கடுமையாகத்தான் நடந்துகொண்டார். ஃபோல்ஸுக்கு வாழ்நாள் தடை, பிறகு அது நீக்கப்பட்டது. மில்வாக்கி உரிமையாளர் ஆம்ப்ரோஸ் மக்கர்க்குக்கு 500 டாலர் அபராதம். 90 நாளுக்குள் அணியை விற்றுவிட வேண்டும் என்றும் உத்தரவு. மாணவர்கள் ஆடப்போவது தனக்கு முன்கூட்டித் தெரியாது என்று ஓ'பிரையன் சொன்னார். அவருக்கு 1,000 டாலர் அபராதம், அணிக்கு ஓராண்டு கண்காணிப்பு. சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தண்டனை கிடைத்தது. ஆட்டத்தின் முடிவு மட்டும் ஏட்டில் அப்படியே நிற்கிறது.

அந்த 59-0-ஐ எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டினல்ஸ் 10-2-1. டிராவை விட்டால் 12-இல் 10, அதாவது .833. மரூன்ஸும் 12-இல் 10, .833. இம்மியும் வித்தியாசமில்லை. விகிதம் சமமானால் என்ன செய்வது என்பதற்கு உங்கள் லீக்கே நான்கு ஆண்டு முன்னர் வழி காட்டியிருக்கிறது. 1921-இல் சிகாகோ ஸ்டேலீஸ் 9-1-1, பஃபலோ 9-1-2, இரண்டுக்கும் .900. இரண்டும் மோதிய ஆட்டங்களில் ஆளுக்கொரு வெற்றி. பின்னால் நடந்த ஆட்டத்தில் வென்ற ஸ்டேலீஸுக்கே பட்டம் போயிற்று. 1925-இல் அந்தச் சிக்கல்கூட இல்லை. இரு அணிகளும் மோதியது ஒரே ஒரு முறை, வென்றது மரூன்ஸ்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1972 முதல் நீங்கள் டிராவை அரை வெற்றி, அரை தோல்வி என்று கொள்கிறீர்கள். அந்த முறையில் மில்வாக்கி, ஹேமண்ட் ஆட்டங்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்தாலும் கார்டினல்ஸ் 14-க்கு 11.5, அதாவது .821. மரூன்ஸின் .833 மேலே நிற்கிறது. பழைய பருவத்துக்குப் புதிய விதியைப் பொருத்தக் கூடாது என்பது சரி. எங்கள் வாதம் இதை நம்பி நிற்கவில்லை. மில்வாக்கி ஆட்டத்தின் துணையில்லாமல் எந்தக் கணக்கிலும் கார்டினல்ஸால் மரூன்ஸைத் தாண்ட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி, பாட்ஸ்வில் மீது உங்கள் தரப்பு சொல்லும் குற்றம். டிசம்பர் 12 அன்று மரூன்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கில் நோட்ர டாம் பல்கலைக்கழகப் பழைய மாணவர்களின் நட்சத்திர அணியோடு ஆடியது. 1924-இல் கல்லூரி ஆட்டத்தைக் கலக்கிய ஸ்டுல்ட்ரேயர், க்ரௌலி, லேடன், மில்லர் நால்வரும் அந்த அணியில். அது லீக் ஆட்டமன்று. ஆனால் ஃபிலடெல்ஃபியா, பிராங்க்ஃபர்ட் அணியின் பாதுகாக்கப்பட்ட எல்லை. அந்த அணியின் சம்மதமில்லாமல் வேறு லீக் அணி அங்கே ஆடக் கூடாது. அதே நாளில் பிராங்க்ஃபர்ட்டுக்குத் தன் மைதானத்தில் ஆட்டம் இருந்ததால் வசூல் போய்விடும் என்று புகார் செய்தார்கள். ஆட வேண்டாம் என்று கார் எச்சரித்தார். லீக் அலுவலகத்தில் தொலைபேசியில் அனுமதி வாங்கியதாக ஸ்ட்ரீகல் சொன்னார். அதற்கு எழுத்துச் சான்று எதுவுமில்லை. எழுத்தில் வந்த எச்சரிக்கைக்கு முன்னால் அந்த வாய்மொழி நிற்காது. விதி மீறப்பட்டது என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லடோன் டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, 6 புள்ளி) அடித்தும், அதன்பின் உதைத்து எடுக்கும் கூடுதல் புள்ளி தவறியதால் மரூன்ஸ் 6-7 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கட்டத்தில் பெர்ரி ஏறக்குறைய 30 யார்டு தொலைவிலிருந்து கம்பங்களுக்கு இடையே உதைத்த ஃபீல்டு கோல் (3 புள்ளி) 9-7 என்று முடித்தது. கல்லூரி ஆட்டமே உயர்ந்தது, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இரண்டாந்தரம் என்று அமெரிக்கா நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. உங்கள் லீக்கின் மானத்தை அன்று காப்பாற்றியது அந்தச் சுரங்க ஊர் அணி.

தண்டனை என்ன? 500 டாலர் அபராதம், இடைநீக்கம், அணி உரிமம் பறிப்பு. ப்ராவிடன்ஸில் ஆட வேண்டியிருந்த அடுத்த ஆட்டமும் ரத்து. அதை வென்றிருந்தால் 11-2, .846, மில்வாக்கியைச் சேர்த்த கார்டினல்ஸின் விகிதத்துக்குச் சமம். அந்த வாய்ப்பையும் சேர்த்து இழந்தார்கள். எல்லையை மீறியதற்கு இவ்வளவு போதும். இடைநீக்கப்பட்ட அணி பட்டம் பெற முடியாது என்பதுதான் உங்கள் வாதமென்றால், அந்த அணியின் பத்து வெற்றிகளை இன்றுவரை ஏட்டில் வைத்து இரண்டாம் இடம் கொடுத்திருப்பது எப்படி? தகுதியில்லாத அணிக்கு இரண்டாம் இடம் மட்டும் பொருந்துமா? அடுத்த ஆண்டே அவர்களை லீக்கில் திரும்பச் சேர்த்துக்கொண்டீர்கள். 1926-இல் 10-2-2 என்று ஆடினார்கள்.

இதில் ஓ'பிரையனின் நடத்தையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். 1926 பிப்ரவரியில் உரிமையாளர்கள் கூடியபோது, தன் அணியை வென்ற அணி இருக்கத் தனக்குப் பட்டம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அந்தக் கூட்டம் யாருக்கும் பட்டம் கொடுக்காமல் கலைந்தது. கார்டினல்ஸ் பிட்வில் குடும்பத்தின் கைக்கு வந்த 1930-களுக்குப் பிறகுதான் அந்தப் பட்டம் அணியின் சாதனையாகச் சொல்லப்பட்டது. அதை உண்மையில் ஆடிச் சம்பாதித்த காலத்து உரிமையாளரே வேண்டாமென்று விட்டதைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1963-இல் இந்தக் கேள்வி உங்கள் முன்னோடிகளிடம் வந்தது. 12-2 என்ற வாக்குகளில் தள்ளினார்கள். 2003-இல் பென்சில்வேனியா ஆளுநர் எட் ரெண்டலும் பாட்ஸ்வில் மேயரும் மீண்டும் கேட்டார்கள். 30-2 என்ற வாக்குகளில் தள்ளினீர்கள். ஆதரித்தவை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் மட்டுமே. இரண்டு முறையும் பேச்சு பட்டம் யாருக்கு என்பதைப் பற்றித்தான். அப்படிக் கேட்டால் ஒரு சக உரிமையாளரின் கையிலிருந்து பிடுங்குவது போலாகிவிடுகிறது. யாரும் தயங்கத்தான் செய்வார்கள்.

அதனால் நாங்கள் வேறு கேள்வி கேட்கிறோம். முதலில், 1925 டிசம்பர் 10 ஆட்டத்தைப் பற்றி மட்டும் வாக்கெடுங்கள். பள்ளி மாணவர்கள் ஆடிய ஆட்டம் லீக் ஆட்டமா, இல்லையா? கார் அன்றே தீர்ப்புச் சொன்ன விஷயம் இது. நீங்கள் புதிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, அன்றைய தீர்ப்பை நிறைவேற்றினால் போதும். அது முடிந்தபின் 1921-இன் வழியில் நேர் மோதலைப் பாருங்கள். கார்டினல்ஸ் பெயரை அடியோடு எடுக்க மனம் வரவில்லையென்றால் இரு அணிகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், அதையும் ஏற்போம். 1926 பிப்ரவரிக் கூட்டத்தின் குறிப்புகளையும் காரின் எச்சரிக்கைக் கடிதங்களையும் முழுமையாக வெளியிடுங்கள். அவை எங்கள் வாதத்துக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை, ஆராய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மரூன்ஸ் 1929-இல் பாஸ்டனுக்குப் போய், புல்டாக்ஸ் என்று பெயர் மாறி, அந்தப் பருவத்தோடு முடிந்துபோனது. உங்கள் கூட்டத்தில் எழுந்து பேச அந்த அணிக்கு ஓர் உரிமையாளர் இல்லை. வீரர்கள் அந்திரசைட் நிலக்கரியில் ஒரு பந்தைச் செதுக்கி, 1925-இன் உலகச் சாம்பியன்கள் என்று பொறித்து, ஒஹாயோ மாநிலத்தின் கான்டனில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மன்றத்துக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கிக் காட்சிக்கு வைத்த விளையாட்டு உலகம், அதில் பொறித்திருப்பதை ஏட்டிலும் ஏற்க வேண்டும்.

திருத்திய ஏட்டில் நாங்கள் எதிர்பார்க்கும் வரிகள் இவை: 1925 — பாட்ஸ்வில் மரூன்ஸ், 10-2, .833, சிகாகோ கார்டினல்ஸ், 10-2-1,.833, நேர் மோதல், டிசம்பர் 6, கொமிஸ்கி பார்க், மரூன்ஸ் 21-7.

இப்படிக்கு,
அமெரிக்கக் கால்பந்து வரலாற்றைத் தமிழில் படித்தும் எழுதியும் வரும் ரசிகர்கள்