சுதந்திர தேவியோடு திரும்பி விடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த நியூயார்க் பயணக் கட்டுரை படித்தேன். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம், புரூக்ளின் பாலம் எல்லாம் இருந்தன. துறைமுகம் மட்டும் இல்லை. சிலைக்குப் படகில் போன கட்டுரையாளர், வழியில் பார்த்த இழுவைப் படகுகளை 'குட்டிப் படகுகள்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டார். நான் ஜெர்சி சிட்டிவாசி. ஊரிலிருந்து வரும் உறவினர்களைச் சுற்றிக் காட்டுவதுதான் கோடையில் எனக்கு வேலை. அந்த உரிமையில் சொல்கிறேன்: டிக்கெட்டும் இல்லாமல், வரிசையும் இல்லாமல் இங்கே பார்க்க ஒரு வேடிக்கை உண்டு: அந்தக் 'குட்டிப் படகுகள்' பெரிய கப்பல்களைத் திருப்புவது.

லைட் ரயிலில் பக்கத்து ஊரான பேயோனின் 8ஆம் தெரு நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால், 1ஆம் தெருவில் டென்னிஸ் காலின்ஸ் பூங்கா வரும். எதிர்க்கரை ஸ்டேட்டன் தீவு. நடுவில் கில் வான் கல் என்ற நீர்வழி. நியூவார்க், எலிசபெத் துறைகளுக்குப் போகும் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் இந்தச் சந்தில்தான் நுழைய வேண்டும். குறுக்கே நிற்கும் பேயோன் பாலத்தின் அடியில் முன்பு 151 அடி இடைவெளிதான் இருந்தது. அதை 215 அடியாக உயர்த்திய பிறகு, 2017 முதல் 1,200 அடி நீளக் கப்பல்களும் வருகின்றன. நீர்வழியின் அகலமே அவ்வளவு கிடையாது!

பாலத்தைத் தாண்டியதும் பெர்கன் முனையில் கப்பல் சட்டென்று வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். நம் ஊர்த் தேர் வீதி முனையில் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். ஒரு டக் (இழுவைப் படகை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), கப்பலின் விலாவில் மூக்கை வைத்து அழுத்தும். இன்னொன்று பின்புறம் வடத்தால் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் இழுக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் 'இது ஏன் மல்லுக்கு நிற்கிறது?' என்று கேட்பார்கள். அதுதான் பிரேக். வடம் விறைக்கும்போது அதிலிருந்து தண்ணீர் தெறிக்கும். தளத்தில் நிற்பவர் உடனே ஒதுங்கிவிடுவார், அறுந்தால் உயிருக்கே ஆபத்து. கப்பலின் மேலே நின்று வழிகாட்டும் பைலட் ரேடியோவில் சொல்லச் சொல்ல, டக் ஒரு சின்ன விசிலில் 'சரி' என்னும். கறுப்புப் புகைபோக்கியில் வெள்ளையாக ஆங்கில 'எம்' எழுத்து இருந்தால் அது மோரன் கம்பெனிப் படகு. 1860இல் தொடங்கிய கம்பெனி.

'குட்டிப் படகு' என்றதில் எனக்குக் கோபமே உண்டு. 1946 பிப்ரவரியில் இந்தப் படகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும் வருவது நின்றது. மேயர் ஓடுவையர் பள்ளி, கடை, தியேட்டர் என்று ஊரையே மூடச் சொல்லி உத்தரவு போட்டார். அப்புறம் 2001 செப்டம்பர் 11. கீழ் மன்ஹாட்டனில் சிக்கியவர்களை ஏற்றிச் செல்லக் கடலோரக் காவல்படை ரேடியோவில் அழைத்ததும், ஃபெர்ரிகளோடு டக்குகளும் வந்தன. ஆட்களை ஏற்றும் படகே இல்லை அவை. படுக்கை விரிப்பில் பெயின்டால் போகும் இடத்தை எழுதித் தொங்கவிட்டு ஆட்களை ஏற்றினார்கள். ஏறக்குறைய 9 மணி நேரத்தில் எல்லாப் படகுகளும் சேர்ந்து கரை சேர்த்தது சுமார் 5 லட்சம் பேரை.

பேயோன் போக முடியாதவர்கள் மன்ஹாட்டனிலிருந்து இலவச ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரியில் ஏறலாம். 25 நிமிடத்தில் செயின்ட் ஜார்ஜ். அங்கிருந்து எஸ்40 பஸ் எதிர்க்கரையை ஒட்டியே போகும். பக்கத்திலேயே டாம்ப்கின்ஸ்வில்லில் இலங்கைக்காரர்களின் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. கொத்து ரொட்டி கிடைக்கும்.

ஒன்று மட்டும், கப்பல் நமக்காக வராது. கிளம்பும் முன் கப்பல்களின் இருப்பிடம் காட்டும் செயலி ஒன்றைப் போனில் பார்த்துவிடுங்கள். கையில் ஸ்வெட்டர் இருக்கட்டும், கோடையிலும் அந்தக் கரையில் காற்று பலமாக அடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜெர்சி சிட்டி