டியூபை மாற்றும் முன் நியூட்ரலைப் பாருங்கள்: வணிக வளாக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணிக வளாக நிர்வாகிகளுக்கும் கடை உரிமையாளர் சங்கங்களுக்கும் வணக்கம்.

மாலையில் கூட்டம் ஏறும் நேரம் பார்த்து டியூப் லைட் மினுக்கத் தொடங்கினால் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றுகிறார்கள், பிறகு டியூப், பிறகு சோக். எதற்கும் மசியவில்லை என்றால் ‘லைனிலேயே லோ வோல்டேஜ்’ என்று சொல்லி ஸ்டெபிலைசர் வாங்க வைக்கிறார்கள். பழுது பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. ஸ்டெபிலைசர் அதை மறைக்குமே தவிர சரிசெய்யாது.

முதல் தவறு அளக்கும் நேரத்தில். காலையில் பாதி விளக்கு எரியாதபோது மீட்டரை வைத்தால் 230 காட்டும். கரண்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் விழாது. கருகிய ஜாயின்ட்கூட அப்போது யோக்கியமாகத்தான் தெரியும். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மெயின் போர்டு, மாடி டி.பி. (மாடிக்கு வரும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி), கடைசி ஃபிட்டிங் என மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். மெயினிலேயே மூன்று பேஸும் (கட்டடத்துக்குள் வரும் மூன்று லைன் வயர்கள்) குறைந்திருந்தால் மின்வாரியத்துக்கு எழுதலாம். மெயினில் 228, டி.பி.யில் 224, கடைசியில் 185 என்றால் தேட வேண்டிய இடம் டி.பி.க்கும் கடைசி ஃபிட்டிங்குக்கும் நடுவில்.

மெயினில் அளக்கும்போது மூன்று பேஸையும் ஒப்பிடுங்கள். ஒரு பேஸ் 180க்கு இறங்கி மற்ற இரண்டும் 260க்கு ஏறியிருந்தால் நியூட்ரல், அதாவது மூன்று பேஸின் கரண்டும் திரும்பிப் போகும் பொது வயர், கழன்றிருக்கிறது. ஒரு கடையில் டியூப் மங்கும் அதே நேரத்தில் பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் எரிந்துபோவது இதனால்தான். அங்கே நின்று யோசிக்க வேண்டாம், உடனே மெயினை அணையுங்கள். லைன் ஓடும்போது நியூட்ரல் ஸ்க்ரூவைத் தொட யாரையும் விடாதீர்கள். எலெக்ட்ரானிக் சோக்கும் எல்.இ.டி. டிரைவரும் நிறைந்த மாடிகளில் மூன்றாம் ஹார்மோனிக் கரண்ட் (லைனைப் போல மூன்று மடங்கு வேகத்தில் அலையும் கரண்ட்) நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடிக்கொண்டே போகும். பேஸை விட மெல்லிய நியூட்ரல் போட்ட பழைய ரைசர்களில் (மாடிக்கு மாடி ஏறும் மெயின் வயர்களில்) அதுதான் முதலில் சூடேறும். இதை அளக்க ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி, கோணலான அலையையும் சரியாக அளக்கும் மீட்டர்) வேண்டும். சாதாரண மீட்டர் குறைத்துக் காட்டும்.

‘வயர் நீளம் சார், அதான் டிராப்’ என்பது இன்னொரு சாக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 40 மீட்டர் தூரம், போக வர 80 மீட்டர், கடைசியில் 10 ஆம்பியர் லோடு என்றாலும் விழுவது சுமார் 10 வோல்ட்தான். அதற்கு டியூப் மினுக்காது. 40 வோல்ட் விழுகிறதென்றால் மீதி 30 வோல்ட் ஏதோ ஒரு ஜாயின்டில் இருக்கிறது. 30 வோல்ட், 10 ஆம்பியர்: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, யார் கண்ணிலும் படாமல், 300 வாட் ஹீட்டர் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. டேப் சுற்றிய முறுக்கு ஜாயின்ட், லூப்பிங் எடுத்த இடம் (ஒரு ஃபிட்டிங்கிலிருந்து அடுத்ததற்கு வயர் இழுத்த இடம்), எம்.சி.பி. (ஓவர்லோடில் தானே அணையும் சுவிட்ச்) ஸ்க்ரூ என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். லோடு ஓடும்போது எம்.சி.பி.யின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை மாற்றிவிடலாம்.

டெஸ்டர் எரிவதை வைத்து ‘லைன் வருது’ என்று முடிவுகட்டவும் கூடாது. நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். டிஜிட்டல் மீட்டரோ, எங்கும் சேராத வயரில்கூடப் பக்கத்து வயரின் தயவில் 60, 80 வோல்ட் காட்டும். சந்தேகம் வந்தால் ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள்; பொய் வோல்டேஜ் அங்கேயே படுத்துவிடும்.

இனி எமர்ஜென்சி லைட். பச்சை விளக்கு எரிகிறது, ஆகவே பேட்டரி சார்ஜாகிறது என்று நம்புவதுதான் ஆபத்து. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாடல் சார்ஜரில் 230 வோல்ட் வரும்போது அலையின் உச்சம் 12ஐத் தாண்டி ஏறும்; அதில் பிரிட்ஜும் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பகுதி) ரெகுலேட்டரும் (வோல்டேஜைச் சீராக்கும் பகுதி) தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு கிடைப்பது ஏறக்குறைய 13.5 வோல்ட். லைன் 190க்கு இறங்கினால் அது 11க்கும் கீழே போய்விடும். நிறைந்த பேட்டரியே 12.7 வோல்ட்டில் நிற்கும்போது அதற்குள் கரண்ட் எப்படிப் போகும்? பச்சை விளக்குக்கு மட்டும் இரண்டு வோல்ட் போதும், அது எரிந்துகொண்டே இருக்கும். வோல்டேஜ் இன்னும் இறங்கினால் ரிலே (லைனுக்கும் பேட்டரிக்கும் மாற்றிவிடும் சுவிட்ச்) கடகடவென்று மாறிமாறி அடித்து, இருக்கிற சார்ஜையும் தீர்த்துவிடும்.

24 வோல்ட் சென்ட்ரல் பேட்டரி வைத்த வளாகங்கள் வயரில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 வயரில் 5 ஆம்பியர் ஓடினால் 3.6 வோல்ட் போகும். 230இல் அது தூசு, 24இல் 15 சதவீதம். அங்கே 4 அல்லது 6 சதுர மி.மீ. போடுங்கள்.

லோடில்லாமல் 12 வோல்ட் பேட்டரியை அளந்து 12.6 என்று ரெஜிஸ்டரில் எழுதுவதை நிறுத்துங்கள். தேசியக் கட்டடக் கோட்பாடு கேட்பது ஒன்றரை மணி நேர வெளிச்சம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு எமர்ஜென்சி ஃபிட்டிங்கின் சப்ளையையும் நிறுத்தி 90 நிமிடமும் எரியவிட்டு, முடிவில் விளக்கு எரியும்போதே அளந்தால் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கக் கூடாது. பேட்டரி மறுபடி சார்ஜாக 24 மணி நேரம் பிடிக்கும் என்பதால் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் காலியாக்கினால் மறுநாள் படிக்கட்டு இருட்டில்தான். கூரைத் தகட்டை ஒட்டி மாட்டிய பேட்டரியை முதலில் சோதியுங்கள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது.

அடுத்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘டியூப், சோக் மாற்றுதல்’ என்ற வரிக்கு மேலே, லோடுடன் மூன்று இடத்து வோல்டேஜ், நியூட்ரல் கரண்ட், 90 நிமிடச் சோதனை ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
வணிகக் கட்டட மின்பராமரிப்புப் பணியாளர்கள்